மருந்து படாமலே செத்த கொசுக்கள்

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் கொசு அக்கா என்றால் வாச்மேன் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் தெரியும். வருகைப் பதிவேட்டில் அவருக்கு வேறொரு பெயர் இருந்தது. அதை அவரே கையெழுத்துப் போடும்போது ஒரு கணம் யோசித்துத்தான் போடுவார். நான் அங்கே தட்டச்சராக இருந்தேன். அக்காவின் வேலை கொசு வளர்ப்பது.

நோய் பரப்பும் பூச்சிகளை ஆராய்கிற இடம் அது. கொசு எங்கே முட்டையிடும், எத்தனை நாளில் வளரும், எந்த மருந்துக்குச் சாகும் என்றெல்லாம் பார்க்க முதலில் கொசு வேண்டும். அதுவும் ஒரே வயதுக் கொசு, கேட்ட நாளில், கேட்ட அளவு. வெளியே போய்ப் பிடித்து வந்தால் எது நேற்றுப் பிறந்தது, எது போன வாரம் பிறந்தது என்று தெரியாது. அதனால் ஒருவர் உட்கார்ந்து வளர்த்துத்தான் தர வேண்டும்.

அக்கா இருபத்துநாலு வயதில் கண்ணாடிக் குழாய் கழுவுகிற வேலைக்கு வந்தவர். அப்போது கொசு வளர்த்தவர் ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் நாலு நாள் லீவு போட்டுவிட்டார். புழுத்தட்டுகளில் தண்ணீர் மேல் வெள்ளையாக ஆடை படர்ந்து, புழுக்கள் மூச்சு விட முடியாமல் செத்துக்கொண்டிருந்தன. யாரும் சொல்லாமலே அக்கா ஒரு காகிதத்தைத் தண்ணீர் மேல் பரப்பி ஆடையை வழித்தெடுத்துவிட்டு, பொடித்த பிஸ்கட்டைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவியிருக்கிறார். லீவு போட்டவர் திரும்பி வந்தபோது தட்டு அக்காவின் கைக்கு மாறியிருந்தது.

கல்யாணப் பேச்சு நடந்தபோது மாப்பிள்ளையின் அத்தை கேட்டாராம், “பொண்ணு என்ன வேலை பாக்குது?”

“கொசு வளர்க்கிறேன்.”

“எங்க வீட்ல அது சும்மாவே வளருது. இதுக்குப் போய் ஆபீஸ் வெச்சு ஆளும் போட்டிருக்காங்களா?”

மாப்பிள்ளை லேத் பட்டறைக்காரர். அதிகம் பேசாதவர். அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்துத்தான் சரி என்று சொன்னதாக அக்கா எங்களிடம் சொல்வார். கல்யாணத்துக்கு மூன்றே நாள் லீவு. நாலாம் நாள் காலை தட்டில் புழு பொரித்திருந்தது. “கொசுவுக்கு ஞாயித்துக்கிழமையும் தெரியாது, கல்யாணமும் தெரியாது” என்பார்.

வளர்ப்பு அறையில் இரட்டைக் கதவு. ஒன்றைச் சாத்திய பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும். உள்ளே எப்போதும் ஈரப் புழுக்கம். ஐந்து நிமிடம் நின்றால் மூக்குக் கண்ணாடியில் பனி பிடிக்கும். சுவரோரம் எனாமல் தட்டுகள், அவற்றில் புழுக்கள். எதிர்ப்பக்கம் வலைத்துணிக் கூண்டுகள், ஒவ்வொன்றிலும் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு. முட்டையிட வேண்டிய பெண் கொசுக்களுக்கு ஆரம்ப காலத்தில் இரத்தம் கொடுத்தது அக்காவின் கைதான். கூண்டுக்குள் முழங்கை வரை விட்டுக்கொண்டு, மறு கையால் ஏட்டில் எழுதிக்கொண்டிருப்பார். பிறகு அதற்கு ஒரு கருவி வந்தது. “என் இரத்தத்தைக் குடிச்சதுங்க, அதான் இப்படிப் பிடிவாதமா இருக்குங்க” என்று ஆராய்ச்சியாளர்களிடம் கேலியாகச் சொல்வார்.

அவருடைய உண்மையான கைவண்ணம் உறிஞ்சு குழலில்தான். ஒரு முனையில் கண்ணாடிக் குழல், மறுமுனையில் ரப்பர்க் குழாய், நடுவில் கொசு வாய்க்குள் போகாமலிருக்க ஒரு வலைத்துண்டு. ரப்பர் முனையை வாயில் வைத்து லேசாக இழுத்தால் கொசு கண்ணாடிக்குள் வரும். லேசாக ஊதினால் சோதனைக் குழாய்க்குள் போகும். கொஞ்சம் வேகமாக இழுத்தால் கால் ஒடியும், இறகு பிய்யும். அக்கா இழுத்த கொசு ஒரு கால்கூட இழக்காது. இருபத்தைந்து எண்ண வேண்டும் என்றால் மனதுக்குள்கூட எண்ண மாட்டார், பார்வையிலேயே தெரிந்துவிடும்.

அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது நடந்த வருடம் இந்தச் சம்பவம்.

நகரத்தின் ஆற்றோரக் குடியிருப்பில் காய்ச்சல் பரவியிருந்தது. பகலில் கடிக்கிற, சுத்தமான தண்ணீரில் வளர்கிற கொசு பரப்பும் காய்ச்சல். நகரச் சுகாதார அலுவலகம் ஆறு வருடமாக அங்கே ஒரே மருந்தைத்தான் புகையாக அடித்துவந்தது. அடித்தும் காய்ச்சல் குறையவில்லை. அந்த மருந்து இன்னும் கேட்கிறதா, இல்லையா என்று சோதித்துச் சொல்லும்படி எங்கள் நிலையத்துக்குக் கடிதம் வந்தது. பொறுப்பு டாக்டர் மேடத்துக்கு. அவர் பூச்சியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர்; முப்பத்தைந்து வயது, வேகமாக நடப்பார், வேகமாகப் பேசுவார், தவறாக நடக்கத் தெரியாதவர்.

ஆற்றோரத்திலிருந்து புழு எடுத்து வந்து, அக்கா வளர்த்துக் கொசுவாக்கித் தந்தார். சோதனை எளிமையானதுதான். மருந்து தோய்த்த காகிதம் சுற்றிய நாலு குழாய்களில் இருபத்தைந்து இருபத்தைந்தாக நூறு கொசு. வெறும் காகிதம் சுற்றிய இரண்டு குழாய்களில் ஐம்பது கொசு. ஒரு மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் சுத்தமான குழாய்களுக்கு மாற்றி, சர்க்கரைத் தண்ணீர் வைத்து, மறுநாள் அதே நேரத்தில் செத்ததை எண்ண வேண்டும். மருந்துக் குழாயில் சாவது மருந்தால். வெறுங்குழாயில் ஒன்றிரண்டு தானாகச் சாகும். அதற்கு மேல் செத்தால் வேறு எங்கோ கோளாறு.

முதல் சோதனையில் மருந்துக் குழாய்களில் தொண்ணூற்றாறு செத்தன. வெறுங்குழாய்களில் பதின்மூன்று.

“பதிமூணா? நல்லா எண்ணினீங்களா அக்கா?” என்றார் மேடம்.

“மூணு தடவை எண்ணிட்டேன்.”

ஐம்பதில் பத்துக்கு மேல் போனால் அந்தச் சோதனை செல்லாது என்பது விதி. தள்ளிவிட்டு மறுபடி செய்தார்கள். இந்த முறை மருந்தில் தொண்ணூற்றைந்து, வெறுங்குழாயில் ஒன்பது. பத்துக்குக் கீழே இருந்தால், தானாகச் செத்ததை ஒரு சூத்திரத்தைப் போட்டுக் கழித்துக்கொள்ளலாம் என்று விதியில் இடம் உண்டு. மேடம் கழித்துப் பார்த்தார். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு வந்தது. மருந்து கேட்கிறது என்று அறிக்கை தயாரானது. அதைத் தட்டச்சு செய்தவன் நான்தான்.

அக்கா மட்டும் விடவில்லை. “மேடம், இருபத்தாறு வருஷத்துல வெறுங்குழாய்ல நான் ஒன்பது பார்த்ததில்லை. ரெண்டு வரும், அதிகம் போனா மூணு.”

மேடம் மெல்லச் சொன்னார்: “தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. உறிஞ்சும்போது அடிபட்டிருக்கலாம் இல்லையா? கை முன்ன மாதிரி இருக்காது. கண்ணும்தான். அடுத்த மாசத்திலேர்ந்து வேற யாரையாவது குழாய் நிரப்பச் சொல்லலாமான்னு பாக்குறேன். நீங்க வளர்ப்பை மட்டும் பாத்துக்குங்க.”

மதியம் அக்கா என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, கையை நீட்டிப் பார்த்தார். விரல்கள் ஆடவில்லை. “ஆடுதா தம்பி?” என்று கேட்டார். இல்லை என்றேன். “ஆடலைதான். ஆனா அவங்க சொன்னதுக்கு அப்புறம் எனக்கே சந்தேகமா இருக்கு” என்றார்.

வீட்டில் இன்னொரு கவலை சேர்ந்தது. அவருடைய நாத்தனார் குடியிருப்பது அதே ஆற்றோரத்தில். நாத்தனாரின் சின்ன மகளுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அக்கா பார்க்கப் போனபோது நாத்தனார் கட்டிலோரம் நின்றபடி சொன்னாராம், “அண்ணி, உங்க ஆளுங்க புகை அடிச்சிட்டுப் போறாங்க. எங்க தெருக் கொசுவுக்கு அது குளிச்ச மாதிரி இருக்கு. புத்துணர்ச்சியா வந்து கடிக்குது.”

சிரிக்க வேண்டிய பேச்சு. அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆய்வறையில் தொண்ணூற்றைந்து செத்த கொசு, தெருவில் ஏன் சாகவில்லை?

மறுநாள் அக்கா யாரிடமும் கேட்காமல் ஒரு காரியம் செய்தார். சோதனைக்குப் போக மீந்த கொசுக்களை எடுத்து ஆறு குழாய்களில் நிரப்பினார். எதிலும் மருந்து கிடையாது. எல்லாம் அதே கை, அதே வாய், அதே குழல். மூன்றைச் சோதனை அறையில் வைத்தார். மூன்றை, கட்டடத்தின் மறுகோடியில் இருந்த சாமான் அறையில், ஈரத் துணி போர்த்தி வைத்தார். அடுத்த நாள் எண்ணினார். சாமான் அறையில் எழுபத்தைந்தில் ஒன்று செத்திருந்தது. சோதனை அறையில் பதினாறு.

குழாய்களை அப்படியே தட்டில் வைத்து மேடத்தின் மேசைக்குக் கொண்டுபோனார்.

“கைதான் காரணம்னா ரெண்டு பக்கமும் செத்திருக்கணுமே மேடம்.”

மேடம் குழாய்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அறிக்கை மூணு நாள் முன்னாடியே போயிடுச்சு அக்கா” என்றார் கடைசியில்.

“போகட்டும். அந்த ரூம்ல என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கணும் இல்லையா?”

அறையில் எதுவும் இல்லை. தரை துடைக்கிற திரவத்தை முகர்ந்து பார்த்தார்கள், புதிதாகச் சுவருக்கு அடித்த சாயமா என்று பார்த்தார்கள், சர்க்கரைப் பஞ்சை மாற்றினார்கள். அக்கா அடுத்த நாள் முதல் பஸ்ஸைப் பிடித்து ஆறு மணிக்கே வந்துவிட்டார். வழக்கமாக அவர் வரும்போது மணி எட்டரை. அதற்குள் கட்டடத்தின் சன்னல்கள் எல்லாம் திறந்து காற்று மாறியிருக்கும். அன்றைக்குச் சோதனை அறைக் கதவைத் திறந்ததுமே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் எத்தனையோ முறை முகர்ந்த வாசனைதான். கொசுவத்தி.

பின் தாழ்வாரத்துக்குப் போனார். சோதனை அறையின் வென்டிலேட்டருக்கு நேர் கீழே வாச்மேனின் நாற்காலி. அதன் காலடியில் ஒரு தகர மூடி, அதில் சுருள் சுருளாகச் சாம்பல், நடுவில் இன்னும் கால் சுற்று கனன்றுகொண்டிருந்தது. வாச்மேன் எழுந்து தொப்பியைத் தேடினார்.

“இங்க ஏன் உக்காந்திருக்கீங்க அண்ணே? உங்க இடம் முன்வாசல் இல்லையா?”

“முன்னாடி கூரை ஒழுகுதும்மா. ஒரு மாசமா இங்கதான்.”

“இது எதுக்கு?”

“எதுக்கா? கொசு கடிக்குது, அதுக்குத்தான்.” வாச்மேனுக்குக் கோபமே வந்துவிட்டது. “ஊர்ல இருக்கிற கொசுவெல்லாம் பத்தாதுன்னு நீங்க வேற உள்ள ஆயிரக்கணக்குல வளர்க்கிறீங்க. அதுல நாலு தப்பிச்சு வந்தா முதல்ல யாரைக் கடிக்கும்? என்னைத்தானே?”

அக்காவுக்கு அப்போது சிரிப்பு வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வாச்மேனும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு அண்ணாந்து பார்த்தபோதுதான் அக்காவின் முகம் மாறியது. வென்டிலேட்டரில் பிளாஸ்டிக் மூடி இல்லை. வலை மட்டும்தான் இருந்தது. போன மாதம் தூசி துடைக்க மூடியைக் கழற்றியது அவரேதான். கழுவிக் காய வைத்தார். மறுபடி மாட்டவில்லை. மூடி இன்னும் கழுவுமிடத்துச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

ஒன்பது மணிக்கு அக்கா என்னிடம் வந்தார். “தம்பி, நான் சொல்றதை டைப் பண்ணு.” காலையில் பார்த்ததை வரிசையாகச் சொன்னார். வெறுங்குழாயில் கொசு செத்தது கொசுவத்திப் புகையால். மருந்துக் குழாயில் மயங்கிக் கிடந்து, பிழைத்து எழுந்திருக்க வேண்டியவற்றையும் அந்தப் புகைதான் முடித்திருக்க வேண்டும். ஆகவே இரண்டாவது சோதனையும் செல்லாது. கடைசி வரி: வென்டிலேட்டர் மூடியைத் திரும்ப மாட்டாமல் விட்டது என் தவறு.

நான் விரலை நிறுத்தினேன். “இந்த வரி எதுக்குக்கா? வாச்மேன் கொளுத்தினார்னு போட்டா போதுமே. உங்களை ஏன் நீங்களே மாட்டிவிடுறீங்க?”

“அவர் வேலை காவல் காக்கிறது. ஓட்டையை அடைக்கிறது என் வேலை. அதை எழுதலைன்னா அவரைத்தான் வேலையை விட்டு அனுப்புவாங்க. போடு.”

போட்டேன்.

இயக்குநர் அறையில் நடந்தது மேடம் சொல்லித் தெரியும். நல்ல மனிதர்தான், ஆனால் கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதத்தைத் திரும்ப வாங்குவது யாருக்குத்தான் பிடிக்கும்? “ஒரு வாச்மேன் வத்தி கொளுத்தினதுக்காக நான் போய்ச் சுகாதார அலுவலர்கிட்ட தலை குனியணுமா? விதிப்படிதானே கணக்குப் போட்டீங்க?” என்றாராம்.

மேடம் சொன்னார்: “விதிப்படிதான் சார். ஆனா தப்பு. அறிக்கை என் பேர்ல போயிருக்கு. தப்புன்னு நானே எழுதித் தர்றேன். நீங்க குனிய வேண்டாம்.”

அன்று மாலையே கடிதம் போயிற்று. மேடம் வளர்ப்பு அறைக்கு வந்து, இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நின்றுகொண்டே, “அக்கா, கையைப் பத்திச் சொன்னது…” என்று ஆரம்பித்தார்.

“உள்ள வாங்க மேடம், கதவைச் சாத்தணும்” என்றார் அக்கா. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. குழாய் நிரப்ப வேறு ஆள் பார்ப்பதும் முடிந்தது.

மறுபடி சோதிக்க மறுபடி புழு வேண்டும். இந்த முறை புழு எடுக்க அக்காவே ஆற்றோரத்துக்குப் போனார். வெள்ளைக் கரண்டியும் சல்லடையுமாக வீடு வீடாகத் தண்ணீர்ப் பீப்பாய்களைப் பார்த்துக்கொண்டு வந்தவர், நாத்தனார் வீட்டு வாசலில் வந்து நின்றார். மகளுக்குக் காய்ச்சல் இறங்கி முந்தின நாள்தான் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். பீப்பாயின் பலகையைத் தூக்கியதும் புழுக்கள் நெளிந்துகொண்டு அடிக்குப் போயின. ஒரு கரண்டியில் முப்பது.

நாத்தனாருக்கு முகம் சிறுத்துவிட்டது. “வாரத்துக்கு ரெண்டு நாள்தான் தண்ணி வருது அண்ணி. பிடிச்சு வைக்காம என்ன பண்றது?”

“உன்னைக் குத்தம் சொல்லலை. பலகை சரியா மூடலை, அவ்வளவுதான். துணி கட்டி மூடினா உள்ள போகாது” என்றார் அக்கா. பிறகு, இன்னொரு கரண்டி எடுத்தபடி, “இவ்வளவு நல்ல புழு தெருவுல வேற எங்கயும் இல்லை. கொழுகொழுன்னு வளர்த்திருக்க. எனக்கு அப்புறம் இந்த வேலைக்கு நீதான்” என்றார். நாத்தனார் அழுகையும் சிரிப்புமாக அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

பத்து நாளில் கொசு தயாரானது. வென்டிலேட்டரை மூடி, விளிம்புகளில் டேப் ஒட்டி, வாச்மேனை முன்வாசலுக்கு அனுப்பி, கூரையில் தற்காலிகமாகத் தார்ப்பாய் விரித்து, சோதனை நடந்தது. எண்ணும்போது இயக்குநரும் வந்து நின்றார். வெறுங்குழாய்களில் ஒன்று. மருந்துக் குழாய்களில் ஐம்பத்தெட்டு. நாற்பத்திரண்டு கொசுக்கள் ஒன்றும் நடக்காததுபோல் குழாய்ச் சுவரில் உட்கார்ந்திருந்தன. இன்னும் இரண்டு முறை செய்தார்கள். அறுபத்தொன்று, ஐம்பத்தாறு. நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் கீழே போனால் கொசுவுக்கு மருந்து பழகிவிட்டது என்று பொருள். ஆற்றோரக் கொசுவுக்கு அந்த மருந்து எப்போதோ பழகிப்போயிருந்தது.

நகரச் சுகாதார அலுவலகம் புகை அடிப்பதை நிறுத்தியது. தண்ணீர்ப் பீப்பாய்களுக்கு வலை மூடி தைத்துக் கொடுத்தார்கள். புழுவைக் கொல்லும் வேறொரு பொடியைத் தண்ணீரில் போட்டார்கள். பெரிய கிணறுகளில் புழு தின்னும் மீன் விட்டார்கள். காய்ச்சல் உடனே நின்றுவிடவில்லை. அந்த மாதமும் ஆட்கள் படுத்தார்கள். அதற்கடுத்த மாதம் குறைந்தது. மழை முடிந்தபோது ஆஸ்பத்திரியில் அதற்கென்று போட்ட கூடுதல் கட்டில்களை எடுத்துவிட்டார்கள். பொடியாலா, மூடியாலா, மழை நின்றதாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மேடமும் அறிக்கையில் அப்படியே எழுதினார்.

வாச்மேனுக்கு வேலை போகவில்லை. முன்வாசலில் வலைக்கதவு போட்ட ஒரு சின்ன அறை கட்டிக் கொடுத்தார்கள். அக்காவுக்கு ஒரு மெமோ வந்தது. கவனக்குறைவு, இனி நிகழக் கூடாது என்று நாலு வரி. இருபத்தாறு வருடத்தில் முதல் மெமோ. அதையும் நான்தான் அடித்தேன். கொடுக்கும்போது எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அக்கா படித்தார், கையெழுத்துப் போட்டார். “எழுத்துப்பிழை இல்லாம அடிச்சிருக்க” என்றார். வீட்டில் கணவரிடம் காட்டியபோது அவர் இரண்டு முறை படித்துவிட்டு, “நியாயமாத்தான் எழுதியிருக்காங்க” என்று சொல்லி மடித்துக் கொடுத்தாராம். “ஆறுதலா ஒரு வார்த்தை சொல்ல வரலை பாரு மனுஷனுக்கு” என்று அக்கா எங்களிடம் குறைப்பட்டுக்கொண்டார். மறுநாள் கணவர் பட்டறையில் இரும்புக் கொக்கி நாலு செய்து கொண்டுவந்து, அனுமதி கேட்டு, வென்டிலேட்டர் மூடி கழன்று வராதபடி பொருத்திவிட்டுப் போனார்.

அந்த நாற்பத்திரண்டு கொசுக்களை அக்கா கொல்லவில்லை. மேடம் சொன்னபடி தனிக் கூண்டில் விட்டார். மருந்துக்குச் சாகாத கொசுவிடம்தான் அடுத்த மருந்தைச் சோதிக்க வேண்டும். அவை முட்டையிட்டன. அந்தத் தலைமுறைக்கு மருந்து காட்டி, அதில் பிழைத்தவற்றை மறுபடி வளர்த்தார். கூண்டின் மேல் ‘ஆற்றோரம்’ என்று எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. அக்கா ஓய்வு பெறும்போது அந்தக் கூண்டில் நூற்றுப்பத்தாவது தலைமுறை நடந்துகொண்டிருந்தது. கடைசி நாள் காலையில் அவர் அதற்குச் சர்க்கரைப் பஞ்சை மாற்றினார், ஏட்டில் நேரம் எழுதினார், உறிஞ்சு குழலைக் கொதிநீரில் போட்டுக் கழுவி ஆணியில் மாட்டினார். பிறகு முதல் கதவைத் திறந்து, அதைச் சாத்திவிட்டு, இரண்டாவதைத் திறந்து வெளியே வந்தார்.